நினைவிழந்தோரும் தாதியர் அறிவும்

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்து, மருத்துவம் நான்கு உறுப்புகளை உடையது என்று வகுத்துரைக்கின்றார். நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தைப் பிழையின்றி அருகிருந்து அளிப்பவன் என்பனவே அந்நான்கு. இறுதியாகச் சொல்லப்பட்டவனை அவர் 'உழைச்செல்வான்' என்னும் அரிய சொல்லாற் குறிக்கின்றார். 'உழை' என்பதற்குப் பக்கம் என்பது பொருள். பக்கத்தில் நிற்பதையே தொழிலாகக் கொண்டவரை மருத்துவனுக்கும் மருந்துக்கும் ஒப்ப வைத்து எண்ணியது தமிழ் மரபு.

ஆயினும் மருத்துவ வரலாறு என்று நாம் படிப்பவை பெரும்பாலும் மருத்துவனைப் பற்றியும் மருந்தைப் பற்றியுமே பேசுகின்றன. கண்டுபிடித்தவர் பெயர் உண்டு, ஆண்டு உண்டு, சிலையும் உண்டு. பக்கத்தில் நின்றவர் கண்டறிந்த அறிவுக்கு அத்தகைய ஏடு குறைவு. அவ்வறிவின் ஒரு கிளையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது வளர்ந்த வகையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நினைவிழந்து கிடக்கும் நோயாளியைப் பேணும் அறிவே அக்கிளை. ஏனைய நோயாளிகள் தம் குறையைத் தாமே சொல்வர். இவர்களோ சொல்ல மாட்டார். வள்ளுவர் எண்ணிய நால்வருள் முதலாமவர் வாய் மூடிவிட்ட நிலையில், நான்காமவர் எத்தகைய அறிவுடையவராய் இருத்தல் வேண்டும் என்பதே இங்கு எழும் வினா.

சொல்லும் பொருளும்

தமிழில் இந்நிலையைக் குறிக்கப் பல சொற்கள் வழங்குகின்றன. மயக்கம், மூர்ச்சை, நினைவு தப்புதல், உணர்விழப்பு, சன்னி, இக்காலத்தில் கோமா எனப் பல. தோட்டப்புறத்து மக்கள் 'பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறான்' என்பர். இவ்வழக்கில் பேச்சும் மூச்சும் ஒருசேர இணைக்கப்பட்டுள்ளன. ஆயின், பேச்சு நின்றதையும் மூச்சு நின்றதையும் பிரித்துக் காண்பதே தாதியின் முதற் கடமையாகும். பேச்சில்லாதவனுக்கு மூச்சு இருக்கலாம். இருக்கும் மூச்சு சற்று நேரத்தில் அடைபடவும் கூடும்.

நலமுடைய மனிதன் உறங்கும்போதும் அவனுடல் அவனைக் காத்துக்கொண்டே இருக்கிறது. எச்சில் தொண்டையில் இறங்கினால் விழுங்குகிறான். தவறி மூச்சுக்குழாயின் பக்கம் சென்றால் இருமுகிறான். ஒரு புறம் நெடுநேரம் அழுந்தினால் தன்னையறியாமலே புரள்கிறான். இமை மூடிக் கண்ணை ஈரமாக வைத்திருக்கிறது. ஆழ்ந்த நினைவிழப்பில் இக்காவலர் அனைவரும் பணியை விட்டு நீங்கிவிடுகின்றனர். எனவே தாதியானவர் அந்நோயாளிக்கு இமையாகவும், இருமலாகவும், புரளும் தசையாகவும் தாமே இருக்க வேண்டியவராகின்றார். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னே ஒரு வரலாறு உண்டு.

நாவும் மூச்சும்

மனிதன் மனிதனை வேண்டுமென்றே நினைவிழக்கச் செய்து, மீண்டும் எழுப்பும் கலை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றியது. 1846 அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியைக் கொடுத்து அறுவைச் சிகிச்சைக்கு வழி வகுத்தார். மறு ஆண்டே எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோபாமைப் பயன்படுத்தினார். இதற்குமுன் நினைவிழந்தோர் என்பார் விபத்தாலும் நோயாலும் வந்தவர்களே. இப்பொழுதோ மருத்துவமனையே நாள்தோறும் நினைவிழந்தோரை உண்டாக்கிற்று. அவர்கள் கண்விழிக்கும் வரையில் அருகே ஒருவர் இருத்தல் இன்றியமையாததாயிற்று.

அதன் இடரும் விரைவில் தெரிந்தது. 1848 ஜனவரி 28ஆம் நாள் இங்கிலாந்தின் வடபகுதியில், கால்விரல் நகம் ஒன்றை எடுப்பதற்காகக் குளோரோபாம் அளிக்கப்பட்ட ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி சில நிமிடங்களில் இறந்தாள். அவளை எழுப்ப முயன்றபோது வாயில் தண்ணீரும் பிராந்தியும் ஊற்றப்பட்டன. அதனால் மூச்சடைத்தே இறந்தாள் என்றார் சிம்சன். மருந்தின் கடுமையே காரணம் என்றார் ஜான் ஸ்நோ. எவர் கூற்று மெய்யாயினும், நினைவற்றவர் வாயில் எதையும் ஊற்றலாகாது என்னும் விதி மருத்துவமனைகளில் பின்னர் அசைக்க முடியாததாக வேரூன்றிற்று.

மற்றோர் உண்மையும் மெல்ல வெளிப்பட்டது. மல்லாந்து கிடக்கும் நினைவற்றவரின் நாக்கு தளர்ந்து பின்னே சரிந்து தொண்டையை அடைத்துவிடும். மார்ஷல் ஹால் என்னும் ஆங்கில மருத்துவர் 1856இல் இதனை எடுத்துக்காட்டி, நீரில் மூழ்கியோரை மல்லாத்திப் போடுதல் தவறு என்று வாதிட்டார். 1870களில் ஹைபர்க், எஸ்மார்க் ஆகியோர் கீழ்த்தாடையை முன்தள்ளி மூச்சு வழியைத் திறக்கும் முறையை விளக்கினர். ராபர்ட் போல்ஸ் என்பார் 1891இல், மூளையில் இரத்தக்கசிவு கண்டு குறட்டையொலியுடன் மூச்சுவிடும் நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பினால் அவ்வொலி அடங்கி மூச்சு சீராவதை எழுதினார். அக்குறட்டை நோயின் இயல்பன்று. படுக்கவைத்த முறையின் விளைவே என்பது அவர் கண்ட உண்மை.

இன்று நாம் மீட்சிநிலை என்று மாணவர்க்குக் கற்பிக்கும் ஒருக்களித்த கிடக்கை இவ்வாறு உருப்பெற்றதே. ஆயினும் இவ்வறிவு உலகெங்கும் ஒருமுகமாக ஏற்கப்பட நெடுங்காலம் சென்றது. 1950களின் இறுதியில் பீட்டர் சாபர் என்பார் மயக்கமருந்து பெற்ற தன்னார்வலர்களிடம் அளந்து காட்டிய பின்னரே, தலையைப் பின்சாய்த்துத் தாடையை உயர்த்துதல் முதலுதவியின் முதற்பாடமாயிற்று.

நைட்டிங்கேல் அம்மையார் வைத்த அடித்தளம்

1854 நவம்பரில் 38 பெண்களுடன் ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்த புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய மங்கையாகவே நம் பாடநூல்கள் காட்டுகின்றன. விளக்கைக் காட்டிலும் பெரியது அவர்தம் அறிவு. 1859இல் தாதியர் பணி பற்றி அவர் எழுதிய நூலில், நோயாளியைக் கூர்ந்து நோக்குதல் பற்றித் தனி இயலே உண்டு. நோக்கும் பழக்கம் இல்லாதவர் எத்துணை அன்புடையவராயினும் இப்பணிக்குத் தக்கவரல்லர் என்பது அவர்தம் துணிபு. நோயாளியின் அறையில் பிறர் தாழ்குரலில் கூடிப் பேசுவதை அவர் கொடுமை என்றே கருதினார். படுக்கைப் புண் போன்ற துன்பங்களுக்குப் பொதுவாக நோயன்று, பேணும் முறையே காரணம் என்றும் அவர் அந்நூலில் கூறினார்.

மறு ஆண்டு, 1860இல், இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதுவரையில் கைப்பழக்கமாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சென்ற அறிவு, இதன் பின்னர் பாடத்திட்டம் உடைய கல்வியாக உருப்பெறலாயிற்று. ஆசிரியப் பயிற்சி பெற்ற நாம் இதன் அருமையை நன்கு உணர்வோம். செய்யத் தெரிதல் வேறு. செய்வதைப் பிறர்க்குக் கற்பிக்குமாறு சொல்லத் தெரிதல் வேறு.

படுக்கைப் புண் பற்றிய நூறாண்டு வழக்கு

நினைவிழந்தோரின் பெரும்பகையாக விளங்கியது படுக்கைப் புண். அதன் வரலாறு, கோட்பாடு கைப்பணியை எவ்வாறு முடக்கக்கூடும் என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

எலும்பு புடைத்திருக்கும் இடங்களான இடுப்பின் பின்புறம், குதிகால், தொடையெலும்பின் மேற்பகுதி ஆகியவற்றில் உடலின் எடை அழுந்துகிறது. நுண்ணிய குருதிக் குழாய்களில் ஓடும் குருதியின் அழுத்தம் மிகச் சிறிது. 1930இல் லாண்டிஸ் என்பார் அளந்தபோது, அத்தகைய குழாயின் தொடக்கப் பகுதியில் அது ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் பாதரச அளவே இருந்தது. புறத்தழுத்தம் அதனை விஞ்சி நெடுநேரம் நின்றால் குருதி ஓட்டம் தடைப்பட்டுத் தசை மடிகிறது. நினைவுடையவர் வலியுணர்ந்து நகர்வார்; நினைவற்றவர் நகர மாட்டார்.

1853இலேயே பிரவுன் செக்கார் என்னும் அறிஞர், கால்கள் செயலிழந்த விலங்குகளை அழுத்தமும் சிறுநீரின் ஈரமும் தாக்காமல் காத்தால் அவற்றுக்குப் புண் தோன்றுவதில்லை என்று சோதனையாற் காட்டினார். ஆயின், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நரம்பியலின் பேராசானாக மதிக்கப்பட்ட பாரிஸ் நகரத்துச் சார்க்கோ, மூளையும் தண்டுவடமும் சிதைவதன் நேர்விளைவே இப்புண் என்று கற்பித்தார். பக்கவாதத்தில் விழுந்தவனுக்கு விரைவில் தோன்றும் புண்ணைச் சாவின் முன்னறிவிப்பு என்றே அவர் கொண்டார். விளைவு யாது? புண் விதியாயிற்று. விதியை எதிர்த்துப் புரட்டிப் போடுவார் யார்? பெரியோர் ஒருவர் சொல்லிவிட்டார் என்பதனாலேயே, காத்திருக்கக்கூடிய உயிர்கள் கைவிடப்பட்டன எனலாம். நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் கூறியது, அவருக்குப் பின்வந்த பேராசானின் கூற்றினும் மெய்க்கு அண்மையில் நின்றது என்பது வரலாறு நமக்குக் காட்டும் விந்தை.

இந்நிலையை மாற்றியவருள் தலையாயவர் லுட்விக் கட்மன். நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்தை அடைந்த இந்த யூத மருத்துவர், 1944 பிப்ரவரி 1ஆம் நாள் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடம் முறிந்த போர்வீரர்களுக்கான பிரிவைத் தொடங்கினார். அவ்வீரர்கள் நினைவுடையவர்களே, ஆயினும் இடுப்புக்குக் கீழ் உணர்வற்றவர்கள். ஆகவே அவர்கள் உடலின் அப்பகுதியின் நிலை நினைவற்றவர் நிலையை ஒத்ததே. அதுவரை இத்தகையோர் புண்ணாலும் சிறுநீரக நோயாலும் இறப்பதே இயல்பு என்று கருதப்பட்டது. கட்மன் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவும் பகலும், ஒவ்வொருவரையும் திருப்பிப் படுக்கவைக்க ஆணையிட்டார். இரவில் தாமே வந்து பார்வையிட்டார். புண்கள் ஆறின. 1948 ஜூலை 29ஆம் நாள் அம்மருத்துவமனைத் திடலில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்லேந்தினர். அதுவே பின்னர் உலக மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக் விளையாட்டாக வளர்ந்தது.

ஈண்டு ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் தகும். இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் நாளொன்றுக்கு 12 முறை. இருபது நோயாளிகள் உள்ள கூடத்தில் 240 முறை. ஒருவரைத் திருப்பக் குறைந்தது இருவர் வேண்டும். ஆணையிட்டவரின் பெயரை வரலாறு குறித்து வைத்தது நன்றே. அந்த 240 முறையும் குனிந்து நிமிர்ந்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கூடம் முழுவதற்கும் இரவில் ஒரே தாதியை நிறுத்திவிட்டு, புண் வந்தால் அவரைப் பழிப்பது நடுவுநிலையாகாது என்பதையும் இக்கணக்கே நமக்குச் சொல்கிறது.

தம் வழக்கத்தைத் தாமே ஆராய்ந்த தாதி

தாதியர் மரபில் வந்தவை அனைத்தும் சரியானவை என்று கூறவும் இடமில்லை. சோப்பு நீராற் கழுவுதல், சாராயம் தடவித் தேய்த்தல், மாவுத்தூள் இடுதல் எனப் பல வழக்கங்கள் படுக்கைப் புண்ணைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் தலைமுறை தலைமுறையாகப் பின்பற்றப்பட்டன. அவற்றை ஆராயப் புகுந்தவர் டோரீன் நார்ட்டன் என்னும் ஆங்கிலத் தாதி. மக்ளாரன், எக்ஸ்டன் ஸ்மித் ஆகியோருடன் இணைந்து, மருத்துவமனையிலிருந்த முதியோரைப் பற்றி அவர் செய்த ஆய்வு 1962இல் நூலாக வந்தது. தோலின்மேல் தடவும் பொருள்களால் குறிப்பிடத்தக்க பயனில்லை. அழுத்தத்தை நீக்குதலே பயன் தருவது என்று அது காட்டிற்று.

அதற்கு முந்திய ஆண்டில் எக்ஸ்டன் ஸ்மித் குழுவினர் முதியோர் இரவில் எத்துணை முறை அசைகின்றனர் என்று எண்ணினர். ஓர் இரவில் 20 முறைக்கு மேற்படாமல் அசைந்தோரிற் பெரும்பாலோர்க்குப் புண் தோன்றிற்று. 50 முறைக்கு மேல் அசைந்தோர்க்குத் தோன்றவில்லை. எண்ணும்போது உண்மை வெளிப்படுகிறது என்பதற்கு இது சான்று.

நார்ட்டன் வகுத்த அளவுகோல் எளிமையானது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், கழிவை அடக்கும் ஆற்றல் என்னும் ஐந்துக்கும் நான்கு முதல் ஒன்று வரை புள்ளி இடுவர். கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் கீழாயின் அந்நோயாளிக்குப் புண் வரும் ஆபத்து மிகுதி. அழுந்திய இடத்தைத் தேய்த்தலையே கடமையாகக் கொண்டிருந்த தொழில், யாருக்கு முதலில் கைகொடுப்பது என்று கணிக்கும் அறிவாக உயர்ந்தது. தன் மரபைத் தானே சோதித்துத் தேறாததைக் கழித்துவிட முன்வந்த இத்துணிவு, நினைவிழந்தோர்க்குத் தாதியர் குலம் செய்த பெருங்கொடை என்பேன்.

பிற்காலத்திலும் இத்தகைய களையெடுப்பு நிகழ்ந்தது. மூக்கின் வழியே இரைப்பைக்குச் செலுத்திய உணவுக்குழாய் சரியான இடத்தில் உள்ளதா என்று அறிய, அதில் காற்றை ஊதி வயிற்றின்மேல் செவிமடுத்துக் கேட்பது நெடுநாள் வழக்கம். குழாய் நுரையீரலில் இருந்தாலும் அவ்வொலி கேட்கக்கூடும் என்பது தெரிந்ததும், 2005இல் பிரிட்டனில் அம்முறை விலக்கப்பட்டது. வெளியிழுத்த நீரின் அமிலத்தன்மையைச் சோதித்தல் அதன் இடத்தைப் பெற்றது.

நோக்கியதைச் சொல்லும் மொழி

1952இல் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் தாக்கியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்தோர்க்கு ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்துக் கையால் காற்றுப் பையை அழுத்தி மூச்சளித்தனர். அதற்கு வழிகாட்டிய பியோன் இப்சன், மறு ஆண்டில் தீவிரச் சிகிச்சைப் பிரிவு ஒன்றை அந்நகரில் அமைத்தார். இதன் பயனாக, முன்னர் சில நாளில் இறந்திருக்கக்கூடிய நினைவற்றோர் வாரக்கணக்கில் உயிர்தரித்தனர். அவர்தம் நிலை உயர்கிறதா, தாழ்கிறதா என்பதை மணிதோறும் அறிய வேண்டிய தேவை பிறந்தது.

அங்கே மொழி தடையாக நின்றது. அரைமயக்கம், ஆழ்மயக்கம், மந்தநிலை எனப் பொருள்படும் சொற்களை ஆளுக்கொரு பொருளில் ஆண்டனர். மாலைத் தாதி அரைமயக்கம் என்றெழுதியதை இரவுத் தாதி வேறு விதமாகப் புரிந்துகொண்டால், இடையில் நோயாளி சரிந்ததைக் கண்டுபிடிப்பது யாங்ஙனம்? மண்டையோட்டினுள் குருதி கசிந்து மூளையை அழுத்தும்போது, அதனை அறிந்து அறுவை செய்வதற்குக் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. ஒரு சொல்லின் தெளிவின்மை ஓர் உயிரின் விலையாகலாம்.

கிளாஸ்கோ நகரின் கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட அளவுகோல் இக்குறையைத் தீர்த்தது. மயக்கத்தின் ஆழத்துக்குப் பெயர் சூட்டுவதை விடுத்து, கண்ணால் காணக்கூடிய மூன்றை மட்டும் குறிக்குமாறு அவர்கள் கூறினர். கண் திறப்பது எப்போது? வாய் சொல்வது என்ன? கைகால் அசைவது எவ்வாறு? இன்றைய வடிவில் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15 புள்ளிகள். மிகக் குறைந்த அளவு 3. தானே கண் திறப்பவனுக்கு 4. அழைத்தால் திறப்பவனுக்கு 3. அழுத்தித் தூண்டினால் மட்டும் திறப்பவனுக்கு 2. எதற்கும் திறவாதவனுக்கு 1.

மருத்துவரும் தாதியரும் ஒருங்கே பயன்படுத்த வேண்டும் என்பதே இதன் நோக்கம். 1975இல் டீஸ்டேல் தாதியர்க்குரிய இதழொன்றிலேயே இதனை விளக்கி எழுதினார். பல மருத்துவமனைகளில் தாதியரே இதனை விரும்பி ஏற்றனர். காரணம் எளிது. 'நோயாளியின் போக்கு எனக்குச் சரியாகப் படவில்லை' என்று நள்ளிரவில் தாதி சொன்னால் அதனை மனத்தின் அச்சம் என்று ஒதுக்கலாம். 'ஒரு மணிக்கு 13 இருந்தது, இரண்டு மணிக்கு 10 ஆயிற்று' என்றால் ஒதுக்க முடியாது. அத்துடன் கண்மணியின் அளவு, நாடி, குருதி அழுத்தம், மூச்சின் போக்கு ஆகியவற்றையும் தாதி ஒரே தாளில் குறிக்கிறார். ஒரு கண்மணி மட்டும் விரிந்து ஒளிக்குச் சுருங்காதிருத்தல், நாடி தளர்ந்து குருதி அழுத்தம் ஏறுதல் முதலியன மூளை நெருக்கப்படுவதன் அடையாளங்கள். தாதியின் உள்ளுணர்வாய் இருந்த அறிவு, எவரும் படித்தறியக்கூடிய எண்ணாக மாறியது இவ்வாறே.

நம் மண்ணில்

சிங்கப்பூரில் 1885 ஆகஸ்டு 1ஆம் நாள் பிரெஞ்சுக் கன்னிமார் பொது மருத்துவமனையில் தாதியர் பணியை மேற்கொண்டனர். அந்நாளே இன்றும் அங்குத் தாதியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேரியாக் காய்ச்சல் நம் முன்னோரைப் பெருந்தொகையில் மாய்த்தது. அதன் கொடிய வகை மூளையைத் தாக்கி நினைவிழக்கச் செய்வது. 'சன்னி கண்டுவிட்டது' என்று நம் பாட்டிமார் சொன்னவற்றுள் இதுவும் அடங்கியிருத்தல் வேண்டும். மலேரியாவால் நினைவிழந்த, இன்னும் பேசக் கற்காத குழந்தைகளுக்கென்று 1989இல் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் பிளாண்டயர் அளவுகோல் வகுக்கப்பட்டது. கிளாஸ்கோ அளவுகோலின் வழிவந்த பிள்ளை அது.

அண்மைக் காலத்தில் நாம் கண்ட சோதனை நிப்பா நோய். 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் தலைகாட்டி, பின் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் பகுதியில் பரவியது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணப்பட்டது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் புதிய கிருமி என்று கண்டறியப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். சிங்கப்பூரில் இறைச்சிக்கூடப் பணியாளர் 11 பேர் பாதிக்கப்பட்டு ஒருவர் இறந்தார். மலேசியாவில் ஆராயப்பட்ட 94 நோயாளிகளில் 55 விழுக்காட்டினர் நினைவு குன்றியவர்கள். கிருமியின் பெயரே தெரியாத நிலையில் மருந்தென்ன இருக்க முடியும்? மூச்சு வழியைக் காத்து, சளியை உறிஞ்சி, புரட்டி, வாயையும் கண்ணையும் துடைத்து, மணிதோறும் குறித்தலே அப்போது பெரிதும் கைகொடுத்தது. வள்ளுவரின் நான்கு உறுப்புகளுள் மூன்றாவதாகிய மருந்து இல்லாதவிடத்து, நான்காவது உறுப்பு முழுப் பாரத்தையும் தாங்கியது.

செவி கேட்கிறதா?

நினைவற்றவரிடம் பேசிக்கொண்டே பணி செய்ய வேண்டும் என்பது தாதியர் கல்வியின் பழைய பாடம். 'ஐயா, உங்களை இடப்பக்கம் திருப்பப் போகிறோம்' என்று பெயர் சொல்லி அறிவித்த பின்னரே தொடுவர். படுக்கையருகே நின்று அவர் பிழைக்க மாட்டார் என்று உறவினர் பேசுவதைத் தடுப்பர். பதில் வராத பேச்சை வீண் என்று நகைத்தோரும் உண்டு.

2006இல் அட்ரியன் ஓவன் தலைமையிலான கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு அந்நகைப்பை அடக்கிற்று. சாலை விபத்துக்குப் பின் எதற்கும் அசையாது கிடந்த 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாக எண்ணுமாறும் தம் வீட்டு அறைகளில் நடப்பதாக எண்ணுமாறும் கூறி, மூளையைப் படமெடுத்தனர். நலமுடையோர்க்கு எப்பகுதிகள் இயங்குமோ, அப்பகுதிகளே அவருக்கும் இயங்கின. 2024இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், ஆணைக்கு வெளிப்படையாக இணங்காத 241 பேரில் 60 பேர், அதாவது நால்வரில் ஒருவர், மூளையளவில் அவ்வாணையைப் பின்பற்றியது தெரியவந்தது.

நினைவற்றோர் எல்லாரும் கேட்கின்றனர் என்று இதற்குப் பொருளன்று. கேட்பவர் யார், கேளாதவர் யார் என்று படுக்கையருகே நின்று நாம் துணிய முடியாது என்பதே பொருள். அவ்வாறாயின் அனைவரையும் கேட்பவராகவே கொண்டு நடத்தல் அறமும் அறிவுமாகும். கருவி வருமுன்னே அவ்வாறு நடந்துகொண்டவர்கள் தாதியர்.

நமக்குரிய பாடம்

இவ்வரலாறு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரைப்பவை சில. பள்ளிச் சபைக்கூடலில் மாணவன் ஒருவன் மயங்கி விழுந்தால் சுற்றிக் கூடுவதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும், வலிப்பு எனில் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் இன்னும் நம்மிடையே உள்ளன. மூச்சு உண்டா எனப் பார். உண்டெனில் ஒருக்களித்துப் படுக்கவை. வாயில் ஒன்றும் ஊற்றாதே. இல்லையெனில் உடனே நெஞ்சழுத்த முதலுதவியைத் தொடங்கி உதவியை அழை. செம்பிறைச் சங்கத்திலும் செயிண்ட் ஜான் அம்புலன்சிலும் சேரும் மாணவர் கற்கும் இச்சில வரிகளைத் தமிழ்ப்பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் அறிதல் வேண்டும்.

மொழியாசிரியராகிய நமக்கு வேறொரு கடமையும் உண்டு. மயக்கம் என்ற ஒரே சொல்லைத் தலைசுற்றலுக்கும், உறக்கக் கலக்கத்துக்கும், ஆழ்ந்த நினைவிழப்புக்கும் நாம் வழங்குகின்றோம். முதிய தாயொருத்தி மருத்துவமனையில் 'மயக்கமா இருக்கு' என்றால் அவள் உரைப்பது எதனை? மொழிபெயர்த்துச் சொல்ல நிற்பவன் பெரும்பாலும் நம் பள்ளியில் படித்த பேரனே. கண்டதைக் கண்டவாறு, குழப்பமின்றிச் சொல்லும் ஆற்றலை அவனுக்கு அளிப்பதும் தமிழ்ப்பாடத்தின் பயனேயாகும்.

இன்னும் ஒன்று. தாதியர் பணிக்குச் செல்ல விழையும் மாணவியிடம், 'மதிப்பெண் இருக்கிறதே, மருத்துவராகலாமே' என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு; அவ்வறிவைத் தாழ்ந்ததென்று கருதும் மனமே அதற்கு வேர். பேராசான் விதியென்றதை மாற்றியதும், மரபென்றிருந்ததைச் சோதித்ததும், பேசாதவரிடம் பேசியதும் தாழ்ந்த அறிவல்ல. நான்கனுள் ஒன்றாக வள்ளுவர் வைத்ததை நாம் மூன்றுக்குப் பின்னே தள்ளுவது முறையாகாது. தனக்காகத் தான் பேச இயலாதவனுக்கு அருகில் அறிவுடையார் ஒருவர் நிற்கின்றாரா என்பதே ஒரு சமுதாயத்தின் உயர்வை அளக்கும் கோல். அங்கே சென்று நிற்கத்தக்க பிள்ளைகளை உருவாக்கி அனுப்புதல் நம் பள்ளிகளின் கடன்.